நாலாவது மூலை

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இப்போதும் முடியாது; அப்போது இன்னும் மோசம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வருவேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருக்கும். "உனக்குக் கால்ல சக்கரம். அதுக்கு பிரேக் வேற கிடையாது" என்பார் என் கணவர். இப்படிப்பட்டவள் வாரத்துக்கு இரண்டு மத்தியானம் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, கையால் போர்வை தைத்தேன், அதுவும் நாலு வருஷம் என்றால் என் தங்கை இன்றுவரை நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு மைசூருக்கு மாற்றலாகி, சரஸ்வதிபுரத்தில் குடியேறினோம். நான் திருச்சிப் பக்கம். சத்தத்தில் வளர்ந்தவள். அந்தத் தெருவோ மத்தியானம் ஆனால் மூச்சுவிடாது. அவர் ஆபீசுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பேன். அலமாரியைக் கலைத்து அடுக்குவேன், மறுநாள் மறுபடி கலைப்பேன். ஒருநாள் அப்படி வாசலில் நிற்கும்போதுதான் பக்கத்துத் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் போய் எட்டிப் பார்த்தேன்.

காரே இல்லாத ஒரு கார் ஷெட். அதில் மூன்று பெண்கள் ஒரு பெரிய துணியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரி தார்வாட்டிலிருந்து வந்தவள். என் வயதுதான், ஆனால் எல்லோருக்கும் அவள் அக்கா. பழைய பருத்திப் புடவைகளை அடுக்காக விரித்து, மேலே துண்டுத்துணிகளை வைத்து, வரிவரியாகக் கையால் தைக்கும் போர்வைக்கு அவள் ஊரில் கௌதி என்று பெயர். நான் எட்டிப் பார்த்ததும், "நாலாவது பக்கத்துக்கு ஆள் இல்லரீ, வாங்க" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொல்லி, என் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டாள். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அக்காவின் முறைப்படி கௌதிக்கு நாலு பக்கம், நாலு பேர். ஆளுக்கு ஒரு பக்கமும் அதன் வலதுகை மூலையும். ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு வரியாக நடுவை நோக்கி நகர வேண்டும். இதில் முக்கியமான விஷயம், நாலு பேரும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். ஒருத்தி முந்தினால் அவள் பக்கத்துத் துணி உள்ளே தள்ளிக்கொண்டு போய் நடுவில் பொம்மென்று உப்பிக்கொள்ளும். பிந்தினாலும் அப்படியேதான். அதனால் ஒருத்தி வராவிட்டால் அன்றைக்குத் தையலே கிடையாது. துண்டு வெட்டுவது, மூலை வைப்பது போன்ற மேல்வேலைகள்தான்.

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். முதல் கௌதியில் மற்றவர்கள் ஆறாவது வரியில் இருக்கும்போது நான் பத்தாவது வரிக்குப் போய்விட்டேன். நடுவில் ஒரு இட்லி மாதிரி எழும்பி நின்றது. வலது பக்கத்தில் இருந்த மேல்கோட்டை மாமி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சட்னி ஒண்ணுதான் பாக்கி" என்றாள். அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கம்தான். அவர்கள் வீட்டுக்குள் பேசும் தமிழில் பாதி எனக்குப் புரியாது. ஆனால் என்னைக் கிண்டல் செய்யும்போது மட்டும் தெளிவாகப் பேசுவாள். நாலு வரியையும் பிரிக்க வைத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு முதல் ஆளாக வந்து நின்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா எனக்கும் சேர்த்துத்தான் காப்பி போட்டிருந்தாள்.

அந்த ஷெட்டில் சிரித்ததுபோல் எனக்கு வேறெங்கும் சிரிக்க வாய்த்ததில்லை. கண் துணியில் இருக்கும், கை தன் பாட்டுக்கு ஓடும், வாய்க்கு மட்டும் விடுமுறை. நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துப் பேச முடியாததையெல்லாம் துணியைப் பார்த்துக்கொண்டு பேசிவிடலாம். மாமியாரைப் பற்றி, மாதவிடாயைப் பற்றி, அடகில் இருக்கும் வளையலைப் பற்றி. ஒரு வரி முடிந்தால் எல்லோரும் நூலை இழுத்து முடிச்சுப் போட்டுக் கடிப்போம். அந்த நாலு 'டிக்' சத்தமும் ஒன்றாகக் கேட்டால் எனக்கு உள்ளே எதுவோ அடங்கும். பத்து நிமிஷம்தான். பிறகு எழுந்து ஷெட்டு வாசல்வரை ஒரு நடை போய் வருவேன்.

என் இடது பக்கத்தில் உட்கார்ந்தவள் எங்கள் எல்லோருக்கும் சின்னவள். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் அனூர்க்காரி. அங்கே பேசும் தமிழ் கோயம்புத்தூர்ப் பக்கத் தமிழ் மாதிரியே இருக்கும். எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன அறை எடுத்து ரவிக்கை தைக்கும் கடை போட்டிருந்தாள். கௌதிக்கு வேண்டிய துண்டுத்துணியெல்லாம் அவள் கடையில் விழும் வெட்டுத்துணிதான். புருஷன் டெம்போ ஓட்டினான். கடை போட அவளுடைய மாமனார் லேசில் சம்மதிக்கவில்லை. ஒரு வருஷம் தருகிறேன், அதற்குள் கடை நிற்காவிட்டால் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து காட்டுவேலையைப் பார் என்று சொல்லியிருந்தார். பதினோரு மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒரு கல்யாண வீட்டு வேலை கிடைத்தது. மணப்பெண்ணுக்கும் அவள் அக்கா தங்கைகளுக்குமாகப் பதினோரு ரவிக்கை.

"இது மட்டும் நல்லபடியா முடிஞ்சுதுன்னா, மாமன் வாயத் தொறக்க மாட்டாருங்க்கா" என்றாள். அந்த ஒரு வாரம் முழுவதும் அவள் ஊசி எங்கள் எல்லோருடையதையும்விட லேசாக ஓடியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாமி மேல்கோட்டைக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். ஆகவே தையல் இல்லை. புதுக் கௌதி ஒன்றை விரித்திருந்தோம். அக்கா ஊர் வழக்கப்படி நாலு மூலையிலும் சின்னச் சின்ன முக்கோணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கௌதி அம்மணமாக இருக்கிறது என்று அர்த்தமாம். மூன்று மூலை முடிந்துவிட்டது. நாலாவது என்னுடையது. அனூர்க்காரி இரண்டு மஞ்சள் பைகளோடு வந்தாள். இரண்டும் ஒரே ஜவுளிக்கடைப் பை. ஒன்றை ஆணியில் மாட்டினாள், மற்றதைத் தூணோரம் வைத்தாள். உட்காருவதற்குள் அக்கா வீட்டு டெலிபோன் அடித்தது. கடையில் டெலிபோன் இல்லாததால் அவள் வாடிக்கைக்காரர்கள் இங்கேதான் கூப்பிடுவார்கள். பேசிவிட்டு வந்தவள், அளவுக்கு யாரோ வந்து நிற்கிறார்கள் என்று ஆணியில் தொங்கிய வெட்டுத்துணிப் பையைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, மற்றப் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அதற்குள் நான் என் காரியத்தைச் செய்துவிட்டிருந்தேன். அவள் டெலிபோனில் இருந்த நேரத்தில், எட்டும் தூரத்தில் இருந்த தூணோரப் பைக்குள் கையை விட்டு, மேலாக வந்த சுருளை எடுத்துவிட்டேன். மாம்பழ மஞ்சள், மெரூன் கரை. நூல் போட்டுக் கட்டியிருந்தது. வெட்டுத்துணியை யாராவது நூல் போட்டுக் கட்டுவார்களா? எனக்குத் தோன்றவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன். பிரித்தால் வளைவு வளைவாகத் துண்டுகள், சாக்பீஸ் கோடுகள். கோடு போட்டே வைத்திருக்கிறாளே, சௌகரியம் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா காப்பி எடுத்துக்கொண்டு வருவதற்குள் நாலு முக்கோணம் வெட்டி மூலையில் வைத்துத் தைக்கவும் ஆரம்பித்துவிட்டேன். மூலை மடிந்து என் பக்கம் கிடந்ததால் அக்கா சரியாகப் பார்க்கவில்லை. மிச்சத் துண்டுகளை என் வயர் கூடையில் போட்டுக்கொண்டேன்.

வெட்டிய ரவிக்கையைத் தைப்பதற்கு முன்னால் பார்த்தால் அது வெறும் துண்டுத்துணிதான். முதுகு ஒன்று, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு. தையல்காரி கண்ணுக்கு மட்டும்தான் அது ரவிக்கை.

வெள்ளிக்கிழமை நாலு பேரும் இருந்தோம். அனூர்க்காரி கண் வீங்கி வந்தாள். உட்காரவில்லை. "அக்கா, மாம்பழ மஞ்சள்ல ஒரு ரவிக்கத் துணி. வெட்டிச் சுருட்டி வச்சிருந்தனுங்க. பொண்ணோட முகூர்த்தப் பொடவையிலயே வர்ற துணிங்க, வேற எங்கயும் கெடைக்காது. காணோம். யாராச்சும் பாத்தீங்களா?"

என் பக்கம் மடிந்து கிடந்த மூலை கண்ணில் பட்டது. அவள் முதலில் அக்காவைப் பார்த்தாள், அக்கா உதட்டைப் பிதுக்கினாள். மாமி, நான் ஊரிலேயே இல்லையே என்றாள். என்னைப் பார்த்தாள்.

"இல்லையேம்மா" என்றேன்.

அந்த 'இல்லையே' என் மற்ற எல்லாக் காரியத்தையும் போல யோசிப்பதற்கு முன்னால் நடந்துவிட்டது. வாயை விட்டுப் போனதைப் பிடித்து இழுக்கவும் முடியவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? மெல்ல நகர்ந்து, வலது முழங்காலைத் தூக்கி அந்த மூலையின்மேல் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயந்தரம்வரை நான் எழவில்லை. காப்பி வந்தபோதும் எழவில்லை. கால் முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, பிறகு மரத்தே போயிற்று. அவள் எனக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து, தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தேடும் துணி என் முழங்காலுக்குக் கீழே இருந்தது. நான் என்னை அவ்வளவு வெறுத்த நாள் இன்னொன்று கிடையாது.

வீட்டுக்குப் போய்க் கூடையைக் கவிழ்த்தேன். ஒரு ஜோடிக் கை, மெரூன் கரையோடு. ஒரு முன்பக்கம். சனிக்கிழமை காலையிலேயே அவற்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெரிய மார்க்கெட்டைச் சுற்றி இருக்கும் ஜவுளிக்கடை ஒன்று பாக்கியில்லை. சந்தேப்பேட்டையில் மொத்த வியாபாரக் கடைகள்வரை ஏறி இறங்கினேன். "இதே கலர், இதே பார்டர்" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டது. ஒரு கடைக்காரர் துணியை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பொடவையோட வர்றதும்மா, தனியா வராது. யாரு வெட்டுனது?" என்று கேட்டார். துணியை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலைப் பொங்கவிட்டேன், பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். "என்ன ஆச்சு உனக்கு?" என்று கணவர் கேட்டபோது, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்று தெருமுனைவரை இரண்டு தரம் நடந்தேன். இரண்டு தரமும் கடை வாசலில் அவளுடைய செருப்பைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்கு முதலில் போய், மூலைமேல் முழங்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கௌதி நாலைந்து வரி உள்ளே வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மாமி ஊசியை நிறுத்திவிட்டு என் பக்கத்துத் துணியைத் தடவினாள். "ஏன்டி, உப்பிண்டு வரதே. எப்பவும் நீ முந்தறதால உப்பும். இன்னிக்கு நீ பின்தங்கிட்டே." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையும் நீ எழுந்துக்கவே இல்லை. பத்து தரம் வாசலுக்குப் போறவ. உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல மாமி."

அனூர்க்காரி நிமிரவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டே, எங்கள் ஷெட்டு வழக்கப்படி, சொன்னாள். "பொண்ணோட அம்மா கடைக்கு வந்து நாக்கப் புடுங்கற மாதிரி கேட்டுட்டாங்க. துணிய யாருக்கு வித்தேன்னாங்க. அது கூடப் பரவால்லீங்க. எனக்கே எம்மேல நம்பிக்க போச்சு. நான்தான் எங்கயோ போட்டுட்டு நெனப்பில்லாமத் திரியறன். இந்தத் தொழிலு எனக்கு ஆவாதுங்க்கா. ஞாயித்துக்கெழம மாமன் வர்றாரு. அவருகூட மிஷினை ஏத்தி அனுப்பிச்சர்றேன்."

அவள் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூட நான் இன்னும் இரண்டு நாள் தாக்குப்பிடித்திருப்பேன். அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். அதை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நான்தான்" என்றேன். "உன் பையிலேர்ந்து நான்தான் எடுத்தேன். வெட்டுத்துணின்னு நினைச்சு வெட்டிட்டேன். வெள்ளிக்கிழமை நீ கேட்டப்போ தெரிஞ்சே பொய் சொன்னேன்."

அக்காவின் கையில் ஊசி அந்தரத்தில் நின்றது. மாமி, "பெருமாளே" என்றாள். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். உண்மையில் அதற்கு ஏங்கினேன் என்றே சொல்ல வேண்டும். கத்தியிருந்தால் நானும் அழுதிருப்பேன், ஒரு வழியாக முடிந்திருக்கும்.

அவள் கேட்டது இதுதான். "கை இருக்குதுங்களா?"

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள், கரையை விரலால் நீவினாள். ஒரு முன்பக்கத்தையும் கொடுத்தேன்.

"முதுகு?"

முழங்காலை எடுத்தேன்.

நாலு முக்கோணத்தையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சின்னக் கத்தரியை எடுத்து என் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். உதவலாம் என்று கையை நீட்டினேன். புறங்கையால் என் கையை ஒதுக்கினாள். "நீங்க தொடாதீங்க." அவ்வளவுதான். அந்த வார்த்தையில் கோபம்கூட இல்லை. அக்காவும் மாமியும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்தார்கள். நான் எழுந்து ஷெட்டு வாசலில் போய் நின்றேன். அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

கல்யாண வீட்டில் நானே வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று வழியை மறித்துக்கொண்டு நின்றேன். "வேண்டாங்க. கடை என்னுது" என்று சொல்லிவிட்டு, சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

பிறகு நடந்ததையெல்லாம் அவள் அக்காவிடம் சொல்லி, அக்கா என்னிடம் சொன்னாள். முக்கோணங்களைச் சேர்த்து ஒட்டி வலது முதுகை உண்டாக்கியிருக்கிறாள். வெளியே தெரியும் பக்கம் அதுதான். இடது பக்கத்தை முன்னும் பின்னும் முந்தானை மூடிவிடும் என்று அங்கே வேறு மஞ்சள் துணி. ஒட்டு தெரியாமல் இருக்க மேலே மெரூன் கயிறு வைத்துத் தைத்திருக்கிறாள். கொடுக்கும்போது மறைக்கவில்லை. வெட்டினதில் பிசகிவிட்டது, இந்த இந்த இடத்தில் ஒட்டு இருக்கிறது என்று விரலால் காட்டியிருக்கிறாள். பெண்ணின் அம்மா திட்டோ திட்டென்று திட்டிவிட்டு, கடைசியில் மற்றப் பத்தையும் பார்த்து வாங்கிக்கொண்டாளாம். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். கடையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். அவர் இருக்கும்போதே இரண்டு பேர் துணி கொடுத்துவிட்டுப் போனார்கள். மிஷினைப் பற்றிப் பேச்செடுக்காமல் சாயந்தரம் பஸ் ஏறிப் போய்விட்டார்.

கடை நின்றது. அவளும் ஷெட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. என் நாலாவது மூலைக்கு அக்கா தன் பழைய புடவையிலிருந்து முக்கோணம் வெட்டி வைத்தாள், நான் தைத்தேன். எல்லாம் பழையபடிதான், ஒன்றைத் தவிர. அனூர்க்காரி அதற்குப் பிறகு பையைக் கீழே வைக்கவில்லை. மடியில் பை, பையின்மேல் கௌதி. அப்படித்தான் தைத்தாள். டெலிபோன் அடித்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போவாள். வெட்டுத்துணியை எடுத்து அக்கா கையில் கொடுப்பாள், என் கையில் அல்ல. என்னோடு பேசாமல் இல்லை. நூல் கேட்டால் தருவாள், சிரிப்பு வந்தால் சிரிப்பாள். ஆனால் அந்தப் பை அவள் மடியில் இருக்கும்வரை எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டே விட்டேன். "என்னதுங்க்கா?" என்று நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். கோபத்தால் செய்ததல்ல, பழகிவிட்டது. எனக்கு அது இன்னும் வலித்தது.

இப்படி ஒரு கௌதி முடிந்து, இன்னொன்று தொடங்கி, தசரா வந்து ஊர் நிறைந்து காலியானது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பாதி வரியில் இருந்தோம். உள்ளே டெலிபோன் அடித்தது. அக்கா எடுத்து, "உனக்குத்தான்" என்று குரல் கொடுத்தாள். அனூர்க்காரி ஊசியைக் குத்திவிட்டு எழுந்தாள். பை கனமாக இருந்தது, தீபாவளி நேரம். தோளில் மாட்டப் போனவள் நின்றாள். குனிந்து அதை என் மடியில் வைத்தாள்.

"புடிங்க்கா, வந்தர்றேன்."

போய்விட்டாள். யாரோ அளவு சொல்கிறார்கள் போல, உள்ளே அவள் திருப்பித் திருப்பிச் சொல்லும் குரல் கேட்டது. பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே நூல் போட்டுக் கட்டிய சுருள்கள் நாலைந்து, பச்சையும் ஊதாவுமாக. நான் இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டேன்.

மாமி தன் வரியை முடித்து நூலைக் கடித்தாள். அக்கா வந்து உட்கார்ந்து தன்னுடையதை முடித்தாள். ஷெட்டு வாசலில் வெயில் இறங்கியது. கால் மரத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டி, நீ மட்டும் பின்தங்கறியே. தைக்கலையா?" என்றாள் மாமி.

"கையில பை இருக்கு மாமி" என்றேன்.